கிரேஸ் பம்ப்ரி சோப்ரானோ இல்லை, மெட்சோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் உலகப் பெண் பாடகிகள் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் கிரேஸ் பம்ப்ரிக்கு நான்கு வரி. பைராய்ட் மேடையில் பாடிய முதல் கறுப்பினப் பாடகி, உச்சஸ்தாயி சோப்ரானோ, 2023இல் காலமானார், அவ்வளவுதான். பைராய்ட் விஷயம் சரி. சோப்ரானோ என்பது பாதிதான் சரி. அந்த மீதிப் பாதிக்குள்தான் அந்த அம்மாளின் வாழ்க்கையே இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டிப் போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பாளையங்கோட்டையில் இருப்பவளுக்கு ஓபரா (மேல்நாட்டு இசைநாடகம்) பாடகிமேல் எதற்கு இத்தனை அக்கறை என்று கேட்கலாம். நாற்பது வருஷமாக நான் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். சபைக்கெல்லாம் தெரிந்த மெட்டைச் சோப்ரானோக்காரிகள் பாடிவிடுவார்கள், நாங்கள் அதற்குக் கீழே எதையோ பாடிக்கொண்டிருப்போம், பாடும்போது யாருக்கும் தெரியாது, நிறுத்தினால்தான் என்னமோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டு டீச்சர், "உனக்கு ஆம்பளத் தொண்டை, பின்னால போய் நில்லு" என்று சொல்லி அனுப்பினார். நின்றேன். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அப்புறம் பல வருஷம் கழித்து ஒரு பழைய இசைத்தட்டில் பம்ப்ரியின் குரலைக் கேட்டபோது, அட, பின்வரிசைக் குரல் முன்வரிசைக்கு வந்தால் இப்படியா இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்த மெட்சோ சமாச்சாரம். நம் கச்சேரியில் பாடுகிறவருக்குத் தோதாகச் சுருதியை வைத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு ஐந்து கட்டை, இன்னொருவருக்கு நாலரை, ஒரே கீர்த்தனையை இருவரும் அவரவர் கட்டையில் பாடலாம். ஓபராவில் அப்படிக் கிடையாது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி எந்தச் சுருதியில் எழுதிவைத்தாரோ அந்தச் சுருதியில்தான் பாட வேண்டும், அதற்கேற்ற தொண்டையைத்தான் தேட வேண்டும். மைக்கும் கிடையாது. கீழே அறுபது எழுபது பேர் வாசிக்கிற வாத்தியக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். அதனால் பெண் குரலை மேலே சோப்ரானோ, நடுவில் மெட்சோ சோப்ரானோ, அடியில் கான்ட்ரால்டோ என்று பிரிக்கிறார்கள். மெட்சோ என்றால் இத்தாலிய மொழியில் பாதி, நடு. நல்ல மெட்சோ பாடகிக்கு மேல் ஸ்வரங்கள் எட்டாது என்பதில்லை, எட்டும். ஆனால் அங்கேயே ராத்திரி முழுக்கக் குடியிருக்க முடியாது. எந்த இடத்தில் குரல் சிரமமில்லாமல் தங்குகிறது, அங்கே அதற்கு என்ன நிறம் வருகிறது, இவற்றை வைத்துத்தான் வகை சொல்வார்கள்.

வகை தெரிந்துவிட்டால் வேடமும் தெரிந்துவிடும், அதுதான் கொடுமை. காதலித்துக் கடைசியில் சாகிற நாயகி பெரும்பாலும் சோப்ரானோ. மெட்சோவுக்கு என்ன மிச்சம்? சூனியக்காரி, சக்களத்தி, தாதி, அம்மா, இல்லையென்றால் கால்சட்டை மாட்டிக்கொண்டு விடலைப் பையன் வேஷம். கார்மென், டெலைலா என்று சில பேரைக் கையால் எண்ணலாம், அவர்களும் ஊரைக் கெடுக்கிறவர்கள். நம் சினிமாவில் குரல் கட்டையாக இருந்தால் வில்லி என்று முடிவு கட்டுகிற மாதிரிதான்.

பம்ப்ரி 1937 ஜனவரி 4ஆம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் சரக்கு கையாளும் வேலை, அம்மா பள்ளி ஆசிரியை. மெதடிஸ்ட் கோயிலில் பாடி வளர்ந்த பிள்ளை (எங்கள் ஜாதி!). சிறுமியாக இருக்கும்போது மரியன் ஆண்டர்சனின் கச்சேரிக்கு அம்மா கூட்டிப் போனார். மரியன் ஆண்டர்சன் யார் என்பதை உங்கள் வாசகர்களில் மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். 1939இல் வாஷிங்டனில் நிறத்தைக் காட்டி அரங்கம் தர மறுத்தபோது லிங்கன் நினைவிடத்துப் படிகளில் நின்று எழுபத்தைந்தாயிரம் பேருக்கு முன் பாடியவர். 1957இல் இந்தியாவுக்கும் வந்து பாடினார். அவரும் அடிக்குரல்காரர், கான்ட்ரால்டோ. அந்தப் பெண் குழந்தை முதலில் பார்த்த பெரிய பாடகியே தணிந்த குரல்காரி என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்வரிசைக்குப் போ என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதாவது, குரலுக்காகச் சொல்ல ஆள் இல்லை. நிறத்துக்காகச் சொல்ல ஊரே இருந்தது.

பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர் வானொலி நிலையம் நடத்திய போட்டியில் பம்ப்ரி முதல் பரிசு வாங்கினார். ஆயிரம் டாலர் பத்திரம், நியூயார்க் பயணம், செயின்ட் லூயிஸ் இசைக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றது கல்லூரி. வேண்டுமானால் மற்ற மாணவர்களோடு சேராமல் தனியாக வந்து பாடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வழியும் சொன்னது. பெற்றோர் அந்தத் தனிப்பாடம் வேண்டாம் என்றுவிட்டார்கள். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். வசதி இல்லாத வீடு, இலவசப் படிப்பு, நாமாக இருந்தால் "சரி, எங்கே உட்கார்ந்து படித்தால் என்ன, வித்தை வந்தால் போதும்" என்று அனுப்பியிருப்போம்.

வானொலி நிலையத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. 1954இல் ஆர்தர் காட்ஃப்ரேயின் புதுத் திறமையாளர் நிகழ்ச்சியில் பாட ஏற்பாடு செய்தார்கள், நாடு முழுக்கப் போகிற நிகழ்ச்சி. அங்கே அந்தப் பெண் பாடிய பாட்டு வெர்டியின் டான் கார்லோ ஓபராவில் இளவரசி எபோலி பாடுவது, "ஓ டான் ஃபட்டாலே". தன் அழகே தன்னைக் கெடுத்துவிட்டது என்று அந்த அழகைச் சபிக்கிற பாட்டு. மெட்சோ பாடகிகளுக்கு இது ஒரு பரீட்சை. அடியில் கரகரப்பாகத் தொடங்கி நடுவில் உருகி, கடைசியில் சோப்ரானோ எல்லை வரை பாய வேண்டும், குரலில் ஒரு விரிசல் இருந்தாலும் அந்தப் பாட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பதினேழு வயதில் அதைப் பாடினார், காட்ஃப்ரே கண்கலங்கிவிட்டார். இந்தப் பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பாஸ்டனில் கொஞ்ச நாள், பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். அங்கே வகுப்பெடுக்க வந்த லோட்டே லெமன் இவரைக் கேட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவுக்குத் தன்னிடம் வரச் சொன்னார். லெமன் பெரிய ஆள். ஜெர்மானிய சோப்ரானோ, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ஓபராக்கள் முதன்முதலாக மேடையேறியபோது பாடியவர், நாஜிகள் வந்ததும் அமெரிக்காவுக்கு வந்துவிட்டவர். ஒரு கோடைகாலத்துக்கு என்று போன பம்ப்ரி மூன்றரை வருஷம் அங்கேயே இருந்தார். மரியன் ஆண்டர்சனைப் போலக் கச்சேரி மேடையில் நின்று பாடுவதுதான் அவருடைய எண்ணம், ஓபராவில் ஆசை இல்லை. நடிக்கவும், ஒரு சொல்லுக்குள் இறங்கி அதன் பொருளைத் தொண்டையில் கொண்டுவரவும் லெமன்தான் பழக்கினார்.

சண்டை ஆரம்பித்ததும் அங்கேதான். இந்தப் பெண்ணின் குரல் மெட்சோ என்றார் லெமன். குரல் பயிற்சி தந்த இன்னொரு ஆசிரியர் ஆர்மன்ட் தொகத்யன் இல்லை, சோப்ரானோ என்றார். இரண்டு குருக்கள், ஒரு தொண்டை. அந்த வழக்கு சாகும்வரை தீரவில்லை. உங்கள் கட்டுரை ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதனால்தான் எனக்குக் கோபம்.

1958இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா நடத்திய தேசியத் தேர்வில் மார்ட்டினா அரோயோவோடு சேர்ந்து வென்றார். ஆனால் மேடை கிடைத்தது ஐரோப்பாவில். 1960இல் பாரிஸ் ஓபராவில், வெர்டியின் ஐடா என்ற நாடகத்தில் ஆம்னெரிஸ் வேடம், அரசன் மகள், அடிமைப்பெண் ஐடாவுக்குச் சக்களத்தி. பிறகு சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஓபராவில் சில வருஷம். பெரிய அரங்குகளில் பெயர் வாங்குவதற்கு முன்னால் சின்ன ஊரில் மாதச் சம்பளத்துக்கு வேடம் வேடமாகப் பாடிப் பழகுவது அங்கே வழக்கம். அந்தக் காலத்தை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் அசல் படிப்பு என்று தோன்றுகிறது.

அப்புறம் 1961, பைராய்ட். ஜெர்மனியில் ரிச்சர்ட் வாக்னர் தன் ஓபராக்களுக்காகவே கட்டிய அரங்கம் அது. ஹிட்லர் வழக்கமாக வந்து உட்கார்ந்த இடம், வாக்னரின் மருமகள் வினிஃப்ரெட் அவருக்கு நெருங்கிய சிநேகிதி. போருக்குப் பிறகு 1951இல் மீண்டும் திறந்தபோது வினிஃப்ரெட்டின் மகன்கள் பொறுப்பேற்றார்கள். மூத்தவர் வீலாண்ட் வாக்னர் தாத்தாவின் டான்ஹாய்சரைப் புதிதாக மேடையேற்றும்போது காதல் தேவதை வீனஸ் வேடத்துக்கு இருபத்து நான்கு வயது பம்ப்ரியை அழைத்தார். பத்திரிகைகளில் எதிர்ப்பு, திருவிழா அலுவலகத்தில் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன (கடிதம் எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறோம், எல்லாரும் நல்லவர்கள் இல்லை). என் தாத்தா குரலின் நிறத்துக்காகத்தான் எழுதினார், தோலின் நிறத்துக்காக இல்லை என்று வீலாண்ட் சொல்லிவிட்டார். முதல் நாள் நாடகம் முடிந்ததும் அரை மணி நேரம் கைதட்டல், நாற்பத்திரண்டு முறை திரைக்கு முன்னால் வந்து வணங்கினார்களாம். எலிசபெத்தாக விக்டோரியா தெ லோஸ் ஏஞ்சலஸும், வோல்ஃப்ராமாக ஃபிஷர் டீஸ்காவும் பாடிய மேடை அது, சும்மா மேடை இல்லை. மறுநாளிலிருந்து ஜெர்மன் பத்திரிகைகளுக்கு அவர் கறுப்பு வீனஸ்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. வீனஸ் வேடமே இரண்டுங்கெட்டான். சோப்ரானோவும் பாடுவார், மெட்சோவும் பாடுவார். கீழே மயக்கு மொழி, மேலே சாபம். இரண்டு குருக்களும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

செய்தி அமெரிக்காவுக்குப் போனதும் 1962 பிப்ரவரியில் ஜாக்குலின் கென்னடி அழைத்து வெள்ளை மாளிகை விருந்தில் பாடவைத்தார். உள்ளூர் இசைக் கல்லூரி கதவைச் சாத்தி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. 1965இல் மெட்ரோபாலிட்டனில் முதல் வேடம். என்ன வேடம்? இளவரசி எபோலி. பதினேழு வயதில் வானொலிக்காரர்களின் புண்ணியத்தில் பாடிய அதே பாட்டை இப்போது முழு உடையில், முழு வாத்தியக்குழுவோடு, நியூயார்க்கில் பாடினார். இணையத்தில் அவர் பாடிய "ஓ டான் ஃபட்டாலே" பல பதிவுகள் இருக்கின்றன. எது கிடைத்தாலும் கேளுங்கள், மொழி தெரிய வேண்டாம். அடிக்குரலில் அவர் அழகைச் சபிக்கும்போது அழகும் சேர்ந்தே கேட்கும்.

ஆஸ்திரியாவின் ஜால்ஸ்பர்க்கில் இசை நடத்துனர் கராயான் நடத்திய கார்மென் 1967இல் படமாகவும் வந்தது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. குரல் அற்புதம், படம் கொஞ்சம் அட்டைக்கோட்டை.

1970இல் அவர் கட்சி மாறினார். லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் ஸ்ட்ராஸின் சலோமி, சோப்ரானோ வேடம், அதிலும் பொல்லாத வேடம். ஏழு திரை நடனத்தின் முடிவில் நகையும் வாசனைத் திரவியமும் தவிர உடம்பில் ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே செய்தி கசிந்தது. கசிந்ததா கசியவிட்டார்களா என்று கேட்காதீர்கள். அரங்கத்தில் பைனாகுலர் அதுவரை இல்லாத அளவுக்கு வாடகைக்குப் போயிற்று என்று பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொல்வாராம். கடைசியில் பார்த்தால் நகை என்பது போதுமான அளவுக்கு இருந்தது. 1971இல் மெட்ரோபாலிட்டனில் டோஸ்கா. அப்புறம் நார்மா. ஐடாவில் ஆம்னெரிஸும் அவர்தான், வேறொரு ராத்திரி ஐடாவும் அவர்தான். நார்மாவில் நார்மாவும் பாடினார், அடல்ஜீசாவும் பாடினார். சக்களத்திகள் இரண்டு பேரையும் ஒரே பெண் பாடுவதென்றால் அதற்கு ஒரு தெம்பு வேண்டும்.

பலர் இதைத் தப்பு என்றார்கள். மெட்சோவாகவே இருந்திருந்தால் அவருக்கு நிகர் யாரும் இல்லை, சோப்ரானோவாகப் போய்ப் பலரில் ஒருவர் ஆனார், மேலே ஏறியதில் அடியில் இருந்த வெல்வெட் தேய்ந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். காதால் கேட்டுச் சொன்னால் எனக்கும் 1970க்கு முந்தைய பதிவுகள்தான் பிடிக்கும். ஆனாலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆயுசு முழுக்கச் சக்களத்தியாகவும் சூனியக்காரியாகவும் நிற்கச் சொல்லும் தொழிலில், எனக்கும் நாயகி வேடம் பாட வரும், பாடுகிறேன் என்று ஒருத்தி போனால், பின்வரிசையில் நின்றவள் எப்படிக் குறை சொல்வேன்? குரல் அவருடையது. தேய்ந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

இதே காலத்தில் ஷெர்லி வெரெட் என்ற இன்னொரு கறுப்பின மெட்சோவும் இதே வழியில் சோப்ரானோவுக்குப் போனார். இரண்டு பேரின் ரசிகர்களும் எலியும் பூனையும். 1982இல் மரியன் ஆண்டர்சனைக் கௌரவிக்க கார்னெகி ஹாலில் இரண்டு பேரும் ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். அந்த ராத்திரி அங்கே இருந்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை.

1985இல் மெட்ரோபாலிட்டன் முதன்முறையாக கெர்ஷ்வினின் போர்கி அண்ட் பெஸ்ஸை மேடையேற்றியபோது பெஸ் வேடம் இவருக்கு. எடுத்துக்கொள்ள இவருக்கு மனமில்லை. இத்தனை தூரம் வந்த பிறகு திரும்ப 1935இன் கறுப்பினச் சேரிக் கதைக்குள் போக வேண்டுமா என்ற சங்கடம். பிடிக்கிறதோ இல்லையோ அது அமெரிக்க வரலாற்றின் ஒரு துண்டு என்று சமாதானம் செய்துகொண்டு பாடினார். இந்த மனப்போராட்டத்தை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார்.

1990இல் பாரிஸின் புதிய பாஸ்தீய் ஓபரா அரங்கின் தொடக்கத்துக்கு பெர்லியோஸின் ட்ராய் கதையில் கசாண்ட்ரா. 1997இல் ஓபராவிலிருந்து விடைபெற்றார், ஐரோப்பாவில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 2009இல் கென்னடி மையத்தின் கௌரவம், அதிபர் ஒபாமா முன்னிலையில். விடைபெற்றவர் விடைபெற்றபடி இருந்தாரா, அதுவும் இல்லை. 2010இல் பாரிஸில் ஸ்காட் ஜாப்ளினின் ட்ரீமோனிஷாவில் அம்மா வேடம். 2013இல் எழுபத்தாறு வயதில் வியன்னாவில் சைக்கோவ்ஸ்கியின் இஸ்பேட் ராணியில் கிழவி சீமாட்டி. நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து, இளமையில் பாரிஸில் கேட்ட ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டை அந்தக் கிழவி தணிந்த குரலில் முணுமுணுப்பாள். மெட்சோ வேடம் அது. பாரிஸ், லண்டன், நியூயார்க் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் லெமன் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். 2022இல் விமானத்தில் பக்கவாதம் வந்து, 2023 மே 7ஆம் தேதி வியன்னாவில் இறந்தார். வயது 86.

ஆகவே அடுத்த தடவை போடும்போது மெட்சோ சோப்ரானோ என்று போடுங்கள், பிற்காலத்தில் சோப்ரானோ வேடங்களும் பாடினார் என்று இன்னும் அரை வரி சேருங்கள். உச்சஸ்தாயி என்ற சொல்லை எல்லாப் பாடகிகளுக்கும் மாலை மாதிரிப் போட்டுவிடாதீர்கள். கீழே பாடுகிறவர்களும் உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆல்டோ வாசகி,
பாளையங்கோட்டை

பின்குறிப்பு: கட்டுரையோடு போட்டிருந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது பம்ப்ரி இல்லை, லியோன்டைன் பிரைஸ். அவர் நிஜமாகவே சோப்ரானோ.